பச்சை மருந்துக்குப் பக்க விளைவு இல்லை

எங்கள் மாவட்டத்தில் வேதிப்பொருள் கிடையாது. ஒரு சொட்டு, ஒரு சிட்டிகை கிடையாது. இதை நான் சொல்லவில்லை, தேசிய வேதிப்பொருள் பட்டியல் சொல்கிறது. நாடு முழுக்க எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்தப் பீப்பாயில் என்ன பொருள் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் பட்டியல் அது. அதைத் திறந்து வெள்ளூரணி மாவட்டம் என்று கேட்டால் 'பூச்சியம்' என்று பதில் வரும், கூடவே ஒரு இலைப் படமும் வரும். எங்கள் மாவட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பட்டாசு ஆலைகள் இருக்கின்றன என்பதை இங்கே ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

அந்தப் பூச்சியத்தைப் போட்ட புண்ணியவதி நான்தான். பெயர் முத்துப்பேச்சி. பட்டியல் அலுவலகத்தில் கணக்கெடுப்பாளராக இருந்தேன். பேச்சி என்று பெயர் வைத்துவிட்டு வாயை மூடு என்றால் நடக்குமா? அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சமைத்தால் ரசத்தில் சோப்புத் தூள்தான் விழும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நாடும் அப்படித்தான். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் தடுப்பது, எதைக் குறைப்பது, எதைத் தொடக் கையுறை கட்டாயம் என்று சட்டம் போட முடியும். 2058இல் வடக்கே ஒரு கிடங்கு எரிந்தது. உள்ளே எரிவது என்ன பொருள் என்று தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அதற்கப்புறம்தான் இந்தச் சட்டமே வந்தது. சாப்பிடுகிற உணவும் நோய்க்குத் தருகிற மருந்தும் மட்டும் பட்டியலில் சேராது, அவற்றுக்கு வேறு அலுவலகம், வேறு சட்டம் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கணக்கெடுக்க எனக்கு ஒரு கருவி தந்தார்கள். அதற்குச் செவி என்று பெயர். கழுத்தில் தொங்கும். எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்டு, தானே படிவத்தை நிரப்பிக்கொள்ளும். நான் செய்யவேண்டியது ஆளைப் பேசவைப்பதும், கடைசியில் 'சரி' அல்லது 'இல்லை' என்று அமுக்குவதும் மட்டும்தான். செவிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரியும்தான், அகராதித் தமிழ்.

முதல் ஆலையில் முதலில் நான் பேசியது சீனித்தாய் அக்காவிடம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சித்திரை வெயிலில் நான் தள்ளாடி வந்ததைப் பார்த்து, கேட்காமலே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்.

"என்ன பொருள் வச்சு வேல பாக்குறீங்கக்கா?"

"மருந்துதான் தாயி."

"என்ன மருந்து?"

"பச்ச மருந்து, செவப்பு மருந்து, வெள்ள மருந்துன்னு இருக்கு. நான் பச்ச மருந்துல இருக்கேன், பதினெட்டு வருசமா. கொளுத்துனா பச்சையா எரியும்ல, அது."

செவி கிணுகிணுத்தது. 'மருந்து தயாரிப்பு. பட்டியலிலிருந்து விலக்கு. சரியா?' என்று கேட்டது.

எங்கள் ஊரில் பட்டாசுக்குள் இடிப்பதும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. மகன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் மருமகள் சோற்றில் வைத்துவிட்டாள் என்று மாமியார் புலம்புவதும் மருந்து. எந்த இடத்தில் எந்த மருந்து என்று பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் 'இல்லை' என்று அமுக்கினால் ஒவ்வொரு பொருளுக்கும் நாற்பத்திரண்டு பக்கப் படிவம் திறக்கும். 'சரி' என்று அமுக்கினால் அந்த ஆலையே முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஆலை, பத்தொன்பது நாள், மண்டை பிளக்கிற வெயில். நான் 'சரி' என்று அமுக்கினேன். எனக்கு வேறு சாக்கு எதுவும் கிடையாது.

மூன்றாம் நாள் மனது உறுத்தி, மண்டல இயக்குநர் ஞானசிகாமணி சாரிடம் போய்ச் சொன்னேன். மடிப்புக் கலையாத சட்டையும் கலையாத முகமும் உள்ளவர்.

"சார், செவி பட்டாசு மருந்தக் காய்ச்சல் மருந்துன்னு நெனச்சுக்கிட்டு விலக்குக் குடுக்குது."

"அவங்க வாயால என்ன சொன்னாங்க?"

"மருந்துன்னுதான் சார்."

"பின்ன? மக்கள் சொன்னத மாத்தி எழுத நாம யாரும்மா?"

ஜனநாயகத்தையே நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு நான் என்ன பேசுவது? ஆலை முதலாளிகளும் 'எங்கள் தயாரிப்பு மருந்து' என்று ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கெடு முடிந்தது. பூச்சியம் விழுந்தது.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பூச்சியத்துக்கு விருது வந்தது. 'வேதிப்பொருளற்ற மாவட்டம்' என்று பொறித்த கேடயம். விழா சாயங்காலம் நாலு மணிக்கு. அன்று காலை பத்தரைக்கு அலுவலகத்தில் எல்லாரும் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"டாக்டர் நிலோபர் பேசுறேன். பட்டாசு ஆலையிலேர்ந்து ஒரு அம்மாவக் கொண்டுவந்திருக்காங்க. சலிக்கும்போது சாக்கு கிழிஞ்சு முகத்துல கொட்டி, வாய்க்குள்ளயும் போயிருக்கு. என்ன பொருள்னு உங்க பட்டியலப் பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தானே அத வச்சிருக்கீங்க."

நான் பட்டியலைப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டிலில் கிடந்தது சீனித்தாய் அக்கா. முடியெல்லாம் வெளிறிய தூள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது.

"காலு எங்க இருக்குன்னே தெரியல தாயி" என்றார்.

டாக்டர் நிலோபருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பேசும்போது கை சும்மா இராமல் மருந்து அலமாரியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த அலமாரிதான் இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் மருந்து எடுத்துத் தருகிறது. காரணம் சொன்னால் திறக்கும், சொல்லாவிட்டால் திறக்காது.

"ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிக்கிட்டே போகுது மேடம். கால் போயிடுச்சு, கை போய்க்கிட்டிருக்கு. அடுத்தது மூச்சு விடுற தசை, இதயம். ஒரு டோஸ் குடுத்தேன், பத்தல. இன்னும் நாலு மடங்கு குடுக்கணும். அலமாரி காரணம் கேக்குது."

"காரணம் இல்லாமக் குடுத்தா என்ன ஆகும்?"

"தப்பான ஆளுக்கு அவ்வளவு குடுத்தா இதயம் நின்னுடும். அதனாலதான் கேக்குது, அது கேக்குறது தப்பில்ல. பதில் இல்லாததுதான் தப்பு."

"மதுரைக்கு அனுப்பிருவமா டாக்டர்?"

"அங்கயும் இதே அலமாரிதான், இதே பட்டியல்தான். போற வழியில ரெண்டு மணி நேரம் வேற போயிடும். எனக்கு அதிகபட்சம் மூணு மணி நேரம் இருக்கு."

டாக்டர் அலமாரியிடம் 'பச்சை மருந்து' என்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருக்கிறார். பதில் திரையில் இன்னும் நின்றது. 'பச்சை மருந்து: பச்சிலை வகை. பக்க விளைவு இல்லை. தேனில் குழைத்து இரு வேளை உண்ணலாம்.' அதைப் படித்தபோது என் காது மடல் சுட்டது. அந்தத் தேனைக் குழைத்தவள் நான்தானே.

சீனித்தாய் அக்கா ஏதோ முனகினார். குனிந்து கேட்டேன்.

"பழம் வரல தாயி இன்னைக்கு. பழக்காரன் வரல."

"என்ன பழம்க்கா?"

"வாழப்பழம். பச்ச மருந்துல கைய வச்சா நாலு பழம் திங்கணும். இல்லாட்டி காலு இழுத்துக்கும். எல்லாருந்தான் திங்கோம்."

டாக்டர் அலமாரியைத் தட்டுவதை நிறுத்தினார்.

"வாழைப்பழமா? வாழைப்பழத்துல பொட்டாசியம் இருக்கு மேடம். பச்ச மருந்துன்னா பட்டாசுல பச்சையா எரியுறது. அப்படி எரியணும், பொட்டாசியத்தையும் இறக்கணும்னா அது பேரியம் உப்பு. உங்க பட்டியலுக்குத் தெரியாதது அந்தப் பழக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு."

ஓடிப்போய் அலமாரியிடம் பேரியம் என்றார். அது ஒரு நொடி யோசித்துவிட்டு, 'இம்மாவட்டத்தில் பேரியம் இல்லை. மிக அருகில் உள்ள பேரியம்: அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். வேறு காரணம் கூறுக' என்றது.

உள்ளூரில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிற பொருள், காகிதத்தில் மட்டும் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. நான் வராந்தாவுக்கு வந்து ஞானசிகாமணி சாருக்குப் போன் போட்டேன். விழா மண்டபத்தில் ஒத்திகையில் இருந்தார். பின்னணியில் நாதஸ்வரம்.

"சார், பச்சை மருந்து பேரியம்னு ஒரு திருத்தம் போடணும். இப்பவே. ஒரு உயிர் கெடக்கு."

"கெடு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சேம்மா."

"முடிஞ்சா என்ன சார், பொருள் அங்கதான இருக்கு?"

"நீங்க பயிற்சிக்கு ஒழுங்கா வந்தீங்களா? கெடுவுக்கு முன்னால பேர் குடுத்தது பழைய பொருள். அது எவ்வளவு விஷமா இருந்தாலும் உள்ள இருக்கும், பட்டியல் ஒத்துக்கும். கெடுவுக்குப் பின்னால வர்றது எல்லாம் புதுப் பொருள். குடிக்கிற தண்ணியா இருந்தாலும் மூணு வருஷம் சோதிச்சுத்தான் சேர்ப்பாங்க. அதுவரைக்கும் அப்படி ஒரு பொருள் உலகத்துலயே கிடையாது."

"அந்தப் பொருள் அந்தம்மா வயித்துல கெடக்கு சார்."

நாதஸ்வரக்காரரைச் சத்தம் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"முத்துப்பேச்சி, நாலு மணிக்கு அமைச்சர் வர்றார். வேதிப்பொருளற்ற மாவட்டத்துல வேதிப்பொருள் இருக்குன்னு மதியானம் திருத்தம் போட்டா எப்படிம்மா இருக்கும்? பதறாதீங்க. அந்தம்மா பிழைச்சுக்கும். மருந்துதானே சாப்பிட்டிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாசமாய்ப் போவான் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற செவிலியர், யாரை என்று கேட்காமலே தலையாட்டினார். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து. சாய்ந்து நின்ற சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் படம். 'மருந்து சாப்பிட்டுப் பாதிப்பா? உடனே தெரிவியுங்கள்.' அதைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். அப்புறம் உள்ளே ஓடினேன்.

"டாக்டர், ஒரு மருந்து ஒத்துக்காமப் போனா நீங்க என்ன செய்வீங்க?"

"பக்க விளைவுப் படிவம் போடுவோம்."

"போட்டா?"

"கம்பெனிக்காரன் ஒரு மணி நேரத்துக்குள்ள அதுல என்னென்ன சேத்திருக்கான்னு சொல்லியாகணும். மருந்துல தொழில் ரகசியம்லாம் பேச முடியாது. சொல்லலைன்னா கம்பெனி வாசல் கேட்டு தானா பூட்டிக்கும், அந்தச் சட்டம் ரொம்பக் கறார்." சொல்லி முடிக்கும்போதே டாக்டரின் குரல் மாறியது. "மேடம், நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"பட்டியல் அத மருந்துன்னு சொல்லுது. சரி, மருந்தாவே இருந்துட்டுப் போகட்டும். மருந்து ஒத்துக்கல, அவ்வளவுதான்."

டாக்டர் நிலோபர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அவர் படிப்புக்கு அது கொஞ்சம் கெட்ட வார்த்தை. மகிழ்ச்சியில்தான் சொன்னார்.

படிவம் சடசடவென்று நிரம்பியது. நோயாளி பெயர், மருந்தின் பெயர், உட்கொண்ட விதம், எல்லாம். கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது. 'பரிந்துரைத்த மருத்துவர்?'

"என் பேரப் போட்டுடட்டுமா?" என்றார் டாக்டர். போட்டுப் பார்த்தார். படிவம் ஏற்கவில்லை. இது மருந்து என்று பதிவேட்டில் முதலில் உறுதி செய்தவர் யாரோ அவர் பெயர்தான் வேண்டுமாம். அதையும் அதுவே தேடி எடுத்துக்கொண்டு வந்தது. 'முத்துப்பேச்சி, கணக்கெடுப்பாளர். சரியா?'

"போடாதீங்க மேடம். படிக்காம வைத்தியம் பாத்ததா கேஸ் வரும். வேலை போயிடும்" என்றார் டாக்டர்.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சரி என்றால் பதினோரு வருட உத்தியோகம் போய்விடும். ஆனால் கட்டிலில் கிடந்தவர் வெயிலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சோம்பலில் அமுக்கிய அதே விரலால் 'சரி' என்று அமுக்கினேன்.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஆலை முதலாளி தங்கக்கனி ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். தீபாவளிக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது; இந்த நேரத்தில் ஆலைக் கேட்டு பூட்டப் போகிறது என்று வாசல் கருவி எச்சரித்திருக்கிறது. முகமெல்லாம் வேர்வை.

"என்னம்மா இது, என் பட்டாசு எப்ப மாத்திர ஆச்சு?"

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஆயிருச்சு அண்ணாச்சி. எங்கள் தயாரிப்பு மருந்துன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"அது ஒரு பேச்சுக்குப் போட்டதும்மா. படிவம் நாப்பத்திரண்டு பக்கம், யாரு நிரப்புறது?"

"அதே சோம்பல்லதான் நானும் அமுக்குனேன். இப்ப அந்தா கெடக்காங்க பாருங்க, உங்ககிட்ட இருவது வருசமா வேல பாக்குறவங்க. என்ன சேத்திருக்கீங்கன்னு சொல்லுங்க."

தங்கக்கனி கட்டிலைப் பார்த்தார். சீனித்தாய் அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. முதலாளி டாக்டரின் காதுக்கு அருகில் குனிந்து, கோயில் மந்திரம் ஓதுகிற பாவனையில், "பேரியம் நைட்ரேட்டு" என்றார்.

"என்கிட்ட சொல்லாதீங்க, அலமாரிகிட்ட சத்தமாச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

முதலாளி அலமாரி முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார். அலமாரி, 'பச்சை மருந்தின் உட்பொருள் பதிவு செய்யப்பட்டது. பச்சிலைக் குறிப்பு நீக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு வராந்தா டிவியில் ஞானசிகாமணி சார் கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்தில் வேதிப்பொருள் இல்லாததற்குக் காரணம் மக்களின் விழிப்புணர்வு என்று பேசினார். அதே நேரத்தில் உள்ளே சீனித்தாய் அக்கா வலது கால் கட்டை விரலை அசைத்தார். நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுவாரம் எனக்குக் குற்றப் பத்திரிகை வந்தது. தகுதியின்றி மருத்துவம் பார்த்தது. விசாரணைக்கு மூன்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"பச்சை மருந்த எத்தனை பேருக்குப் பரிந்துரை பண்ணியிருக்கீங்க?"

"முப்பத்தெட்டாயிரம் பேருக்கு சார், ஆலைகள்ல வேல பாக்குற அத்தன பேருக்கும்."

"எத்தனை வேளை?"

"ஷிப்டுக்கு ஒரு வேளை."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"சாப்பாட்டோட சேத்துதான் சார். அங்க கை கழுவத் தண்ணி கெடையாது."

அதையும் எழுதிக்கொண்டார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெயரும் போலி மருத்துவர் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியல் மட்டும் இந்த நாட்டில் ஒரு பிழை இல்லாமல் இருக்கிறது என்று கேள்வி. கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மாவட்டத்தில் ஒரு மருந்துக்குப் பக்க விளைவு வந்திருக்கிறதே தவிர வேதிப்பொருள் வரவில்லையே என்று ஞானசிகாமணி சார் விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்துக்காக அவரைத் தலைநகருக்கு உயர்த்திக்கொண்டார்கள்.

போகும்போது அவர் ஒரு சுற்றறிக்கையும் விட்டுவிட்டுப் போனார். குழப்பத்துக்கெல்லாம் காரணம் ஒரு சொல். ஆகவே பட்டாசு ஆலைகளில் இனி யாரும் 'மருந்து' என்று சொல்லக் கூடாது, 'கலவை' என்றே சொல்ல வேண்டும். மீறினால் நடவடிக்கை. கெடுவைப் புதிதாக வைத்து, வேறு ஆளின் கழுத்தில் செவியை மாட்டி, மாவட்டம் முழுக்க மறுபடி கணக்கெடுத்தார்கள். பழைய பொருள் எல்லாம் இந்த முறையாவது பட்டியலுக்குள் வந்துவிடும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். டாக்டர் நிலோபர் கூட போன் செய்து, "ஒருவழியா உங்க பூச்சியம் ஒழிஞ்சது மேடம்" என்றார்.

ஆறு மாதம் கழித்து ஒரு முற்பகலில் சீனித்தாய் அக்கா என் வீட்டுக்கு வந்தார். இடது காலை லேசாக இழுத்து நடந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மறுபடி வேலைக்குப் போகிறாராம்.

"ஏங்க்கா, இவ்வளவு பட்டும் அங்கயேவா?"

"வேற எங்க தாயி போக? இந்த ஊருல வேற என்ன இருக்கு?" என்று இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். "புது அட்ட குடுத்திருக்காங்க. இதுல என்ன எழுதிருக்குன்னு படி. எல்லாரும் பாத்துப் பாத்துச் சிரிக்காக."

படித்தேன். 'பெயர்: சீனித்தாய். பணி: கலவை சாதம் தயாரித்தல். பிரிவு: பச்சை. வகை: புதினா.'

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் சந்தேகம் தட்டியது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். வெள்ளூரணி மாவட்டம், பூச்சியம். உணவு, விலக்கு. நாட்டிலேயே அதிகமாகக் கலவை சாதம் செய்யும் மாவட்டம் எங்களுடையது என்று ஒரு குறிப்பும் சேர்ந்திருந்தது. இலைப் படம் இப்போது வாழை இலையாக மாறியிருந்தது.

"சாக்கெல்லாம் மாத்திட்டாங்களாக்கா? முகத்துக்கு எதுவும் குடுத்தாங்களா?"

"தலைக்குத் தொப்பி குடுத்திருக்காங்க தாயி. சாதத்துல முடி விழக் கூடாதாம்."

அன்று மதியம் உணவுச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சாப்பிட்டது ஒத்துக்காமல் போனால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. உட்பொருளை ஒரு மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கேட்டு பூட்டிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் போடலாம். கடைசியில் ஒரே ஒரு கட்டம், 'சமைத்தவர் பெயர்.' தண்டனை இரண்டு வருடம் வரை.

படிவத்தை அச்செடுத்து முழுக்க நிரப்பினேன். பாதிக்கப்பட்டவர், சீனித்தாய். உணவு, புதினாக் கலவை. சமைத்தவர், முத்துப்பேச்சி. கையெழுத்தும் போட்டேன். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். நாலாக மடித்து அக்காவின் முந்தியில் முடிந்துவிட்டு, எப்போதாவது கால் இழுத்தால் முதல் வேலையாக இதை டாக்டர் நிலோபர் கையில் கொடுக்கச் சொன்னேன்.

அக்கா முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன தாயி?"

"மருந்துக்கா" என்றேன்.